சமஷ்டி கேட்போம், சபையையும் கேள்வி கேட்போம்

இலங்கை அரசியலில் சமஷ்டி என்ற சொல் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. தெற்கில் பலர் அதைப் பிரிவினையின் மறுபெயராகக் கேட்கிறார்கள். வடக்கு கிழக்கில் நாம் அதை ஒருநாள் கொழும்பிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ வந்து சேரப்போகும் தீர்வாகக் காத்திருக்கிறோம். அச்சமும் காத்திருப்பும் வேறு வேறானவை. ஆனால் சமஷ்டி என்பது மக்கள் அன்றாடம் நடத்த வேண்டிய ஓர் ஆட்சிமுறை என்பதை இரண்டுமே மறைத்துவிடுகின்றன. அதிகாரம் அரசியலமைப்பால் உறுதி செய்யப்பட வேண்டும்; அந்த அதிகாரத்தைக் கண்காணிக்கும் குடிமக்களும் வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது நிலைக்காது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சமஷ்டி என்றால் என்ன?

அதிகாரப் பரவலாக்கமும் சமஷ்டியும் ஒன்றல்ல. மத்திய அரசு தன் வேலைகளில் சிலவற்றை மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ கொடுத்துச் செய்விப்பது பரவலாக்கம். கொடுத்தவர் விரும்பினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். சமஷ்டியில் மத்தியும் மாநிலமும் தத்தம் அதிகாரங்களை அரசியலமைப்பிலிருந்தே நேரடியாகப் பெறுகின்றன. ஒரு தரப்பு மட்டும் நினைத்து அதை மாற்ற முடியாது. பிணக்கு வந்தால் தீர்ப்பதற்குச் சுதந்திரமான நீதிமன்றம் இருக்கும். ஆகவே ஒரு நாட்டில் சமஷ்டி இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய கேள்வி போதும்: கொடுத்ததைத் தனியே திருப்பி எடுக்க மத்தியால் முடியுமா? முடியும் என்றால் அது சமஷ்டி அல்ல.

இந்தச் சிந்தனையை இலங்கையில் முதலில் முன்வைத்தவர்கள் தமிழர்கள் அல்லர். 1926ஆம் ஆண்டு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க இந்த நாட்டுக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று எழுதியும் பேசியும் வந்தார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டிச் சிங்களவர்களின் பிரதிநிதிகள் சமஷ்டியைக் கோரினார்கள். தமிழர் தரப்பில் அது ஒரு கட்சியின் கொள்கையானது 1949 டிசம்பரில், எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்ட போதுதான். 1957இன் பண்டா - செல்வா ஒப்பந்தம் பிராந்திய சபைகளையே முன்வைத்தது. அதுவும் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டை ஒற்றையாட்சி என்று வெளிப்படையாக அறிவித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதையே தொடர்ந்தது.

சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகுமா என்ற கேள்விக்கு 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. தமிழரசுக் கட்சிக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில், ஒன்றுபட்ட நாட்டுக்குள் சமஷ்டியைக் கோருவது தனிநாடு கோருவதாகாது என்று அது தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு தெற்கின் கிராமங்களுக்கு எவ்வளவு தூரம் எடுத்துச் சொல்லப்பட்டது? எம் அரசியல்வாதிகள்கூட மேடைகளில் அதைப் பேசி நான் கேட்டது அரிது.

கையில் இருந்தது எப்படிக் கரைந்தது?

1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் சமஷ்டி அல்ல. அந்தத் திருத்தம் ஒற்றையாட்சியை மீறவில்லை என்று கூறித்தான் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் ஐவர் அதை அனுமதித்தார்கள். ஆயினும் மாகாணங்களுக்கென்று ஓர் அதிகாரப் பட்டியல், மத்திக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவான ஒருங்கியை நிரல் என்று ஒரு வடிவம் அதன் மூலம் கிடைத்தது. அந்த வடிவத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், அதிகாரம் திருப்பி எடுக்கப்படும் வழிமுறை விளங்கும்.

1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களை மத்தியின் கீழ் கொண்டுவந்தது. மக்கள் அன்றாடம் படியேறும் அலுவலகம் மாகாண சபையின் கையை விட்டுப் போனது. மாகாணப் பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் தேசியப் பாடசாலைகளாக்கப்பட்டன. பல பெற்றோர் அதைத் தரமுயர்வு என்று கருதி வரவேற்றார்கள். காணி அதிகாரம் மத்தியிடமே உள்ளது என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொலிஸ் அதிகாரம் தாளை விட்டு இறங்கவே இல்லை. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரமோ ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் பெயரில்தான் இருக்கிறது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 2012ஆம் ஆண்டின் திவிநெகும சட்டமூலம். சமுர்த்தி அதிகார சபை உள்ளிட்ட அமைப்புகளை இணைத்து மத்திய அமைச்சு ஒன்றின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். மாகாணங்களின் விடயப் பரப்பைத் தொடுவதால் எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. ஏனைய மாகாண சபைகள் ஒப்புதல் கொடுத்தன. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. அதற்காக ஆளுநர் சம்மதம் கொடுத்தார். மக்கள் தெரிவு செய்த சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்ததால், சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்பட்டது. 2013 ஜனவரியில் அது அந்தப் பெரும்பான்மையுடன் நிறைவேறியது.

இதில் கவனிக்க வேண்டியது வடக்கின் வெற்றிடத்தை மட்டுமல்ல. இயங்கிக்கொண்டிருந்த சபைகள் தமக்குரிய அதிகாரத்தைத் தாமே கைதூக்கிக் கொடுத்தன. அந்தச் சபைகளைத் தெரிவு செய்த மக்கள் ஏன் கொடுத்தீர்கள் என்று பெரிதாகக் கேட்கவும் இல்லை. எழுத்தில் உள்ள அதிகாரம் இப்படித்தான் கரைகிறது.

ஒரே கை, ஒரே பிழை

நாட்டின் முன்னேற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. இரணைமடுவின் கீழ் நெல் விதைப்பவருக்கும், பொலன்னறுவை விவசாயிக்கும், நுவரெலியாவில் உருளைக்கிழங்கு பயிரிடுபவருக்கும், தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரே உத்தரவு. மண் வேறு, பயிர் வேறு, பருவம் வேறு என்பதெல்லாம் கணக்கில் எடுக்கப்படவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது விளைச்சல் விழுந்துவிட்டிருந்தது. அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வீழ்ச்சிக்கு உரத்தடை மட்டும் காரணமல்ல. 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக்குறைப்பும் கொழும்பில் ஒரு சிலர் எடுத்த முடிவுதான்.

இறக்குமதிக் கட்டுப்பாடு மத்தியின் அதிகாரம் என்பது உண்மை. ஆனால் விவசாயமும் கமநல சேவையும் மாகாணப் பட்டியலில் உள்ளவை. 2021இல் இந்த நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூடத் தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. கிழக்கின் பதவிக்காலம் 2017இலும் வடக்கினது 2018 ஒக்டோபரிலும் முடிந்திருந்தன. 2019க்குள் எல்லாச் சபைகளும் காலாவதியாகிவிட்டன. எங்கள் மாகாணத்தில் இதைப் படிப்படியாகச் செய்யுங்கள் என்று சொல்ல உத்தியோகபூர்வமான ஒரு குரல் எங்கும் இல்லை. அதிகாரம் பல இடங்களில் இருக்கும் நாட்டில் ஒரு மாகாணத்தின் பிழை பெரும்பாலும் அந்த மாகாணத்தோடு நின்றுவிடும்; மற்றவை அதைப் பார்த்துத் திருந்தும். அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் பிழையும் நாடு முழுவதற்குமான பிழையாகிறது. சிங்கள விவசாயியிடம் சமஷ்டியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குடிமக்கள் நடத்தும் ஆட்சி

சமஷ்டி என்றதும் நாம் சுட்டிக்காட்டும் நாடு சுவிட்சர்லாந்து. அங்கு 26 கன்டன்கள் இருப்பதும் நான்கு தேசிய மொழிகள் இருப்பதும் நமக்குத் தெரியும். அவற்றுக்கு அடியில் 2,000இற்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருப்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சிறிய ஊராட்சிகள் பலவற்றில் வாக்காளர்கள் நேரில் கூடிப் பாதீட்டுக்கும் வரிவீதத்துக்கும் கைதூக்கி ஒப்புதல் கொடுக்கிறார்கள். மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தம் தொழிலைச் செய்துகொண்டே பகுதிநேரமாக அந்தப் பணியை ஆற்றுபவர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்ப்பவர்கள் 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பம் திரட்டினால் அது பொது வாக்கெடுப்புக்குப் போகும். பேர்ன் கன்டனிலிருந்து ஜூரா தனிக் கன்டனாகப் பிரிந்தது 1979இல். அது பல வாக்கெடுப்புகளின் பின்னரே நடந்தது. பேர்னோடு நின்றுபோன மூத்தியே என்ற சிறு நகரம் ஜூராவுடன் சேர 2021இல் வாக்களித்தது. எல்லையை மாற்றுவதையும் வாக்குச்சீட்டால் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

அதே சுவிட்சர்லாந்து இன்னொரு பாடத்தையும் தருகிறது. பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற கன்டன் தன் உள்விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க மறுத்து, 1990இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பின்னரே வழிக்கு வந்தது. அதிகாரம் ஊருக்கு வந்தால் நீதியும் கூடவே வந்துவிடும் என்பதில்லை.

இது நமக்கு நேராகப் பொருந்துகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு, நாளை அமையும் வடக்கின் அரசு எந்த உத்தரவாதத்தைத் தரும்? கிழக்கின் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தங்கள் பாதுகாப்பை எங்கே காண்பார்கள்? சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் சபையில் எந்த இடத்தில் இருப்பார்கள்? மலையகத் தமிழரின் நிலை இன்னும் கடினம். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தடையின்றிச் சேவை செய்யும் வழி 2018இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின்னரே திறந்தது. பெரும்பான்மையிடம் நாம் கேட்கும் நீதியை நம்மிடையே சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு உறுதிசெய்வதும் குடியியல் பொறுப்பின் ஒரு பகுதிதான்.

இன்றே செய்யக்கூடியவை

சமஷ்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இடம் உள்ளூராட்சி. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று கூறித் தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் அமைந்தன.

வடக்கில் ஒரு பிரதேச சபையின் மாதாந்த அமர்வைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்தேன். குப்பை மேடு, சந்தைக் குத்தகை, வீதி விளக்கு என்று எல்லாமே மக்களின் காசும் சுகாதாரமும் சம்பந்தப்பட்ட விடயங்கள். பார்வையாளராக என்னோடு இருந்தவர்கள் இருவர் மட்டுமே. அதே வாரம் அந்த ஊர்த் தேநீர்க்கடையில் சமஷ்டி பற்றிச் சூடாக விவாதித்தவர்கள் அதைவிடப் பலர்.

நம்மால் செய்யக்கூடியவை சிறியவை. சோலைவரியைக் கட்டுவோம், கட்டிய பணம் எந்த வீதிக்குப் போனது என்றும் கேட்போம். ஆண்டிறுதியில் பாதீடு வரும்போது, அது நிறைவேறுவதற்கு முன்பே ஊரின் தேவைகளை எழுத்தில் கொடுப்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போதும். 14 வேலை நாட்களுக்குள் அந்த அலுவலகம் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். 25 வீத ஒதுக்கீட்டில் சபைக்குச் சென்ற பெண் உறுப்பினர்கள் பேச எழும்போது நேரம் கொடுக்கப்படுகிறதா என்று கவனிப்போம். சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஏற்கெனவே ஊரில் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டி வளர்த்த சமூகம் இது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் ஒரு தனிமனிதர் தம் வீட்டில் திரட்டிய சிறு நூற்தொகுதிதான்.

இவற்றைச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் உள்ளூராட்சியை ஒழுங்காக நடத்திக் காட்டுங்கள், பிறகு அதிகாரம் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சுயாட்சி உரிமை; நன்னடத்தைக்குக் கிடைக்கும் சான்றிதழ் அல்ல. கொழும்பு அரசு நாட்டைக் கடனில் மூழ்கடித்தபோது அதன் அதிகாரத்தைப் பறிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. நான் பொறுப்பைப் பற்றிப் பேசுவது வேறு காரணத்துக்காக: கண்காணிக்கும் மக்கள் இல்லாத அதிகாரம், அது கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், ஒரு சிலரின் சொத்தாகிவிடும், இன்னொருவர் வந்து பறிக்கும்போது அதைக் காக்கவும் யாரும் எழமாட்டார்கள்.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபோது அப்படி யாரும் எழவில்லை. 2017ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் எல்லை நிர்ணயத்தில் சிக்கிக்கொண்டது; 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கையை நாடாளுமன்றம் நிராகரித்தது; அதன் பின் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. அந்தச் சபை குறைபாடுள்ளதுதான். ஆனால் குறைபாடுள்ள சபை போனதையே கேட்காத நாம், நாளை நிறைவான சமஷ்டி வந்து அது பறிபோனால் கேட்போம் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? சமஷ்டிக் கோரிக்கையைக் கைவிடாமலே, மாகாண சபைத் தேர்தல் எப்போது என்ற கேள்வியை நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த மாதமே எழுத்தில் கேட்கலாம். ஊருக்கு ஒரு சனசமூக நிலையமாவது அந்தக் கடிதத்தை அனுப்பினால் அவர் பதில் சொல்லியே தீர வேண்டிவரும்.