விரல்கள் பறக்கும் வேகம்

உலகின் அதிவேக கிடார் கலைஞர் யார்? தீர்ப்பே வராத ஒரு வழக்கு

சங்கீத ரசிகர்களிடம் ஜி.என்.பி.யின் பிருகாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பொழுது போவது தெரியாது. எலெக்ட்ரிக் கிடார் ரசிகர்களிடமும் அப்படி ஒரு தீராத சண்டை உண்டு: வேகத்தில் யார் ராஜா?

சண்டையைத் தொடங்கி வைத்தது 1978இல் வெளியான ஓர் இசைத்தட்டு. அதில் எடி வான் ஹேலன் வாசித்த 'இரப்ஷன்' இரண்டு நிமிடம்கூட ஓடாது. வலது கை விரலையும் தந்திமேல் தட்டி அவர் எழுப்பிய சுரங்கள் கிடாரா, வேறேதாவது கருவியா என்று கேட்டவர்கள் திகைத்தார்கள். 2020இல் அவர் இறந்தபோதும் அஞ்சலிகளில் முதலில் பேசப்பட்டது அந்தத் துண்டு இசைதான்.

அடுத்து வந்தவர் ஸ்வீடன்காரரான இங்வே மாம்ஸ்டீன். வயலின் மேதை பாகனினியின் பக்தர். 1984இல் வந்த 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டு ஏராளமான இளைஞர்கள் மெட்ரோனோமும் கையுமாக அறைக்குள் அடைந்தார்கள். அவர் கிடாரில் மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். வீணைக்காரர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும்: விரலுக்கடியில் கட்டை தடுக்காததால் தந்தியைத் தாராளமாக இழுக்கலாம். 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமோடும் எல். சங்கரோடும் வாசிக்க ஜான் மெக்லாக்லின் 1970களிலேயே இப்படி ஒரு கிடாரைச் செய்துகொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேகமல்ல, கமகம்.

வேகத்தைக் கணக்கிடுவது சுலபம். நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்றால் வினாடிக்குப் பதின்மூன்றுக்கு மேல். ஆனால் சண்டை கணக்கோடு முடிவதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் மீட்டுபவர் உசத்தியா, இடது கை விரல்களாலேயே வழுக்கிக்கொண்டு போகும் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் உசத்தியா? ஹோல்ட்ஸ்வொர்த்தை வியந்தவர்களில் வான் ஹேலனும் ஒருவர். பெரிய கம்பெனியில் இடம் பிடித்துத் தந்ததும் அவர்தான். இருந்தும் 2017இல் ஹோல்ட்ஸ்வொர்த் இறந்தபோது ஈமச்செலவுக்கு ரசிகர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

வேகம் ஒன்றே அளவுகோல் என்றால் பலரும் கைகாட்டுவது மெம்ஃபிஸ் நகரத்து ஷான் லேனை. 14 வயதிலேயே ராக் குழுவில் சேர்ந்தவர். பிற்காலத்தில் அவர் மனம் போனது இந்தியத் தாளங்களின் பக்கம். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடும் பாஸ் கிடார் கலைஞர் ஜோனாஸ் ஹெல்போர்கோடும் சேர்ந்து அவர் வாசித்ததைக் கேட்டால், கஞ்சிராவின் கணக்குக்குக் கிடார் ஓடி ஓடிப் பதில் சொல்வது தெரியும். வெறும் ஓட்டப்பந்தயமாக இருந்தது அங்கேதான் உரையாடலாகிறது. நோயோடு போராடி 2003இல், 40 வயதில் மறைந்தார் லேன்.

ஜேசன் பெக்கர் பெயர் வந்ததும் சண்டைக்காரர்களின் குரல் தானாகவே தணிந்துவிடும். கலிஃபோர்னியாக்காரரான இவர் பதின்வயதிலேயே மார்ட்டி ஃப்ரீட்மனோடு சேர்ந்து 'ககாஃபனி' குழுவில் அதிவேக இசை வாசித்தார். 1988இல் தனி ஆல்பம். 20 வயதில் டேவிட் லீ ராத் குழுவில் இடம். அதற்கு முன் ஸ்டீவ் வாய் நின்ற இடம் அது! அதே சமயம் இடது காலில் ஏதோ தளர்ச்சி. டாக்டர்கள் ஏ.எல்.எஸ். என்றார்கள். தசைகளை இயக்கும் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நோய். சில வருடங்கள்தான் என்று கெடு வைத்தார்கள். விரல்களில் வலு குறைந்தபோது மெல்லிய தந்திகளை மாட்டி ஒலிப்பதிவை முடித்தார். ஆல்பம் 1991இல் வெளிவந்தது. சுற்றுப்பயணத்துக்கு அவரால் போக முடியவில்லை.

கை போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. அவரது தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார்: எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரித்து, கண் அசையும் திசையைக் கொண்டு எழுத்தைப் படிப்பது. ஒரு காலத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் சுரங்களைக் கொட்டியவர், இப்போது கண்ணசைவால் ஒவ்வொரு சுரமாகச் சொல்லி இசையமைக்கிறார். டாக்டர்களின் கெடு முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, 2018இல், 'ட்ரயம்ஃபன்ட் ஹார்ட்ஸ்' வெளிவந்தது. அதில் அவருக்காகக் கிடார் எடுத்தவர்களில் ஸ்டீவ் வாய், ஜோ சாட்ரியானி, பால் கில்பர்ட், பழைய நண்பர் ஃப்ரீட்மன் எல்லோரும் உண்டு. யார் வேகமானவர் என்ற சண்டையில் வழக்கமாக எதிரெதிரே நிறுத்தப்படும் பெயர்கள்தான் இவை.