கத்தரி வாடுவது உப்பாலா, பாக்டீரியாவாலா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் கத்தரிச் செடி காய்க்கும் தருணத்தில் வாடிச் சாய்ந்தால், "தோல் ஷாப் தண்ணீர் வேலைதான்" என்று சொல்லி விடுவது வழக்கம். அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் கண்டதை, உச்ச நீதிமன்றமே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. ஆனால் வாடும் செடியெல்லாம் உப்பால் வாடுவதில்லை. காரணத்தை மாற்றிப் புரிந்து கொண்டால் ஜிப்சம் போட்ட காசும் வீண், அடுத்த பயிரும் வீண்.

உப்பால் கெடும் செடி மெல்லக் கெடும். முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும். செடி குட்டையாக நிற்கும். ஒரு பகுதி முழுவதுமே சோர்ந்து தெரியும். பாக்டீரியா வாடல் நோய் அப்படியல்ல. நேற்று நன்றாக நின்ற செடி இன்று நண்பகலில் துவளும், மாலையில் சற்றே நிமிரும், சில நாட்களில் இலை பச்சையாக இருக்கும்போதே மடியும். பக்கத்துச் செடி செழிப்பாக நிற்கும். இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்த பின் வாடினால் அது பெரும்பாலும் பூசண வாடல்.

ஐயமிருந்தால், வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியாவேதான். மருந்துக் கடைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள். பூசணக் கொல்லி இந்நோய்க்குப் பயன்படாது.

இப்பாக்டீரியாவின் பெயர் ரால்ஸ்டோனியா. உருளைக்கிழங்கின் பழுப்பு அழுகல் நோயும் இதன் பங்காளியின் வேலையே. உருளை நம் பக்கத்துப் பயிர் அல்ல. ஆயினும் இவ்விரண்டையும் ஒப்பிட்டதில் நமக்குப் பயன்படும் செய்தி கிடைத்துள்ளது. 2002-ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், தக்காளியிலிருந்து எடுத்த ஒரு வகையின் மரபணுத் தொகுப்பை முழுவதும் படித்தனர். சுமார் 58 இலட்சம் எழுத்துகள், அவற்றில் ஏறக்குறைய 5,100 ஜீன்கள். பின்னர் பல நாட்டு வகைகளும் இப்படிப் படிக்கப்பட்டன. குளிர்ப் பிரதேச உருளையைத் தாக்கும் வகை, கண்டம் விட்டுக் கண்டம் போயும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாகவே இருந்தது. விதைக்கிழங்கோடு உலகம் சுற்றியது அது. நமது கத்தரி, தக்காளி, மிளகாயைத் தாக்குவதோ ஆசிய வகை. ஆசிய மண்ணிலேயே நெடுங்காலம் பெருகி, இடத்துக்கு இடம் வேறுபட்டுக் கிடக்கிறது. 2014-இல் இரண்டையும் தனித்தனி இனங்களாகவே பிரித்து விட்டனர்.

விவசாயிக்கு இதனால் என்ன? மலை உருளைக்கு விதைக்கிழங்கு சுத்தமாக இருந்தால் பாதி வெற்றி. நமக்கோ எதிரி நிலத்திலேயே இருக்கிறான். மேலும், செடியின் எதிர்ப்பை முறியடிக்க இப்பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் புரதங்கள் ஏறக்குறைய 70 உண்டு. அந்தக் கூட்டு வகைக்கு வகை மாறுகிறது. ஓர் ஊரில் தாங்கிய ரகம் இன்னோர் ஊரில் மடிவதற்கு இது முக்கிய காரணம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் தக்காளியும் அர்கா நிதி கத்தரியும் நோய் தாங்குபவை. இருந்தாலும் முதலில் பத்து சென்ட்டில் நட்டுப் பாருங்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்தரியை விட்டு வேறு ரகம் போட இலவம்பாடிக்காரர்களுக்கு மனம் வராது; வரவும் வேண்டாம். அவர்களுக்கு ஒட்டுக் கட்டுதலே ஏற்றது. சுண்டைக்காய் நாற்றின் மேல் கத்தரியை ஒட்டினால் வேர் நோயைத் தாங்கும், காய் நம் காயாகவே இருக்கும். சுண்டை மெதுவாக வளருமாதலால் முன்னதாக விதைக்க வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். புதைந்தால் கத்தரி தானே வேர் விட்டு நோயை வாங்கிக் கொள்ளும்.

நோய் கண்ட நிலத்தில் கத்தரிக்குப் பின் தக்காளி, மிளகாய் போடலாகாது. நீர் இருந்தால் நெல். இல்லையேல் கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம். நிலக்கடலையையும் தள்ளி வைப்பது நல்லது. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் அதையும் இந்நோய் தாக்குகிறது. வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரித்து விடுங்கள். அந்தப் பாத்தி நீரை அடுத்த பாத்திக்கு விடாதீர்கள்.

விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்திற்குச் செல்வோர், செடியை வேர் மண்ணோடும், கூடவே கிணற்று நீர் ஒரு பாட்டிலும் எடுத்துச் செல்லவும். உப்பும் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும் நிலமும் உண்டு.