அப்பாரு ஈசிச்சேருக்கு என்ன விலை?

பவானியில் கருமாதி முடிந்து பாகம் பேசும் வீட்டுக்கு முன்னால் மினி லாரி வந்து நின்றுவிடுகிறது. அப்பாரு சாய்ந்திருந்த ஈசிச்சேர், ஜமுக்காளம் விரித்த தேக்குக் கட்டில், ஈட்டிமரப் பெஞ்சு எல்லாம், "பழைய சாமானுங்க, மொத்தமா ஒரு விலை சொல்லுங்க" என்ற ஒரே பேச்சில் ஏறிப் போகின்றன. யாரும் அவற்றைக் கவிழ்த்துக்கூடப் பார்ப்பதில்லை.

சண்டிகரில் இதுதான் நடந்தது. 1950களில் தொடங்கி, அந்நகரத்து அரசு அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜானரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள், பழசானதும் கழிவாக ஏலம் விடப்பட்டன. அவையே வெளிநாட்டு ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கத் தடை போட்டது. ஏற்கெனவே போனவை போனவைதான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருளைப் பாதுகாக்க 100 வயது கேட்கிறது. உங்கள் வீட்டு 1960ஆம் வருஷத்துக் கட்டிலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எல்லாக் கட்டிலும் லட்சம் பெறாது. பெரும்பாலானவற்றின் மதிப்பு மரத்திலும் வேலைப்பாட்டிலும் இருக்கிறது. அடிப்பக்கத்தில் கம்பெனிப் பெயரோ எழுத்தோ எண்ணோ உண்டா? மூட்டுகள் கழுந்து வைத்துக் கோத்தவையா, ஆணி அடித்தவையா? முழு மரமா, பிளைவுட் மேல் ஒட்டிய தேக்கா? படம் எடுத்து வையுங்கள். விற்கும் முன் இழைத்துப் புதுப் பாலிஷ் போடாதீர்கள். பழைய மேற்பரப்பு போனால் மதிப்பும் போகும். வாங்க வந்தவர் சொல்வது மதிப்பு அல்ல, பேரம். வாங்கும் எண்ணமில்லாத ஒரு மூத்த தச்சரிடமும், காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் இரண்டிலும் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், அது யாருடையது? தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தப் பொருளில் மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். கட்டிக்கொடுத்த அக்காவுக்கும் அந்தக் கட்டிலில் பங்குண்டு. அவரைக் கேட்காமல் விற்றால் நீதிமன்றத்தில் தன் பங்கைக் கோரலாம். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு பட்டியல் போதும், பாதிச் சண்டை வராது.

இணையத்தில் விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். முன்பணம் கொடுத்து ஏற்றிச் சென்றவர் மீதியைத் தராவிட்டால், விற்றவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. உரிமையியல் வழக்குத்தான், அதுவும் 3 ஆண்டுக்குள். கூலி வாங்கி மதிப்பிட்டவர் ஏமாற்றியிருந்தால் மட்டும் நுகர்வோர் ஆணையம் கேட்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100இல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.