படகுக்கு ஒரு தையல்!

திருநீர்மலையில் குடியிருந்துகொண்டு படகைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியுமா, ஸார்? திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தார் என்பது ஐதீகம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியதோ கண்ணால் கண்ட நிஜம்! மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள்.

'நாமளே ஒரு படகு செஞ்சா என்ன?' என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

'கயாக்' என்பது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களின் ஒற்றை ஆள் படகு. சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்தி, ஓட்டுகிறவரின் உடம்பு அளவுக்கே செய்வார்கள். இன்று அதை ப்ளைவுட்டில், 'கிட்'டாகவே விற்கிறார்கள். பெட்டியைப் பிரித்தால் அளவாக வெட்டிய பலகைகள், தாமிரக் கம்பி, எபாக்ஸி பசை, கண்ணாடி இழைத் துணி. பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்பில் பசை பூசி, இறுகியதும் கம்பியை உருவிவிட்டு, மேலே துணியை ஒட்ட வேண்டும். பதினாறு அடிப் படகு, எடை சுமார் 20 கிலோ. சிமென்ட் மூட்டையில் பாதிகூட இல்லை!

1963-ல் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' பத்திரிகை இதே தையல் முறையில் ஒரு சின்னப் பாய்மரப் படகை கிட்டாக அறிமுகப்படுத்தியது. 70 ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுவிட்டன. (நம் பத்திரிகைகள் இலவசமாகக் கொடுத்தது ஷாம்பு பாக்கெட்!)

"படகைப் போய் யாராவது தைப்பாங்களா?" என்று சிரிக்காதீர்கள். துறைமுகம் வருவதற்கு முன், மெட்ராஸுக்குக் கப்பலில் வந்த துரைமார்களைக் கரை சேர்த்தது நம் ஊர் மசூலா படகு. ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணிப் படகு பிளந்துவிடும். இது நெளிந்து கொடுக்கும். கட்டுமரம் மட்டும் என்னவாம்? கட்டிக்கொண்டு கடலுக்குப் போய், திரும்பியதும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். தினசரி கிட்! பெயரைக் கடன் வாங்கிய வெள்ளைக்காரன், அதை இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டான். நம் கடற்கரையிலோ இப்போது ஃபைபர் படகுகள்தான் வரிசையாக நிற்கின்றன. தைக்கிற கை போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

கிட்டுக்குக் காசில்லை என்றால் வரைபடம் மட்டும் வாங்கி, பலகையை இங்கேயே வெட்டலாம். ஆனால் கடைக்காரர் தள்ளிவிடும் சாதா ப்ளைவுட் தண்ணீரில் உரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளை, 4 மில்லிமீட்டர் கேளுங்கள். எபாக்ஸியைக் கொஞ்சம் கொஞ்சமாக, விடியற்காலையில் கலக்குவது உத்தமம். தாம்பரம் வெயிலில் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். கையுறை அவசியம், உப்புத்தாள் போடும்போது மாஸ்க்கும்.

ஒன்று, இது வெள்ள மீட்புப் படகு அல்ல. ஏரி, காயல் மாதிரி அமைதியான தண்ணீருக்குத்தான். அதுவும் லைஃப் ஜாக்கெட்டோடு.

ஃப்ளாட்வாசிகள் பலகை வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்து மாடிப்படித் திருப்பத்தை அளந்துவிடுங்கள். ஹாலில் கட்டிய பதினாறு அடி, லிஃப்டில் இறங்காது!