நடிகன் மரணமும் இரசிகர் துயரமும்: எம்.ஜி.ஆர். மறைவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1987 டிசெம்பர் 24ஆந் திகதி அதிகாலையில் எம்.ஜி.இராமச்சந்திரன் சென்னையிற் காலமானார். அவரது உடல் இராஜாஜி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, மறுநாள் மெரினாக் கடற்கரையில் அண்ணா சமாதியின் அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் கலந்துகொண்டனர் என்றும், துயரந் தாளாது 31 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர் என்றும் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் வெளிவந்த ‘தி இமேஜ் ட்றாப்’ என்னும் ஆங்கில நூலிற் பதிவு செய்துள்ளார். சென்னைக்குச் செல்ல இயலாத கிராமத்தவர் அவரது படத்தைப் பாடையிலேற்றி ஊர்வலமாகக் கொண்டு சென்று, சடங்குகளுடன் புதைத்தனர். எண்ணற்ற இளைஞர் தலையை மழித்துக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சிகள் குறித்து இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. படித்த நடுத்தர வர்க்கத்தினர் இவற்றைப் பாமரரின் வெறியென ஒதுக்குவர். கட்சியினரோ இவற்றை ஒரு தனிமனிதரின் தெய்வீகக் கவர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவர். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், அழுதவர்கள் யார், ஏன் அவ்வாறு அழுதனர் என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. முற்போக்காளர் சிலரும் முதல் விளக்கத்துடன் அமைதி கண்டுவிடுகின்றனர். மதத்தை மக்களின் அபினெனக் கூறிய மார்க்ஸ், அதே இடத்தில் அது மெய்யான துன்பத்தின் வெளிப்பாடென்றும் கருதினார் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். இரசிகரின் துயரத்தை அதற்குரிய சமூகத் தளத்தில் வைத்து விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் திரைப்படத்தை நோக்குவோம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, பணங்கொடுக்கும் வலுவே என்றும் பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்த நூலிற் சுட்டிக்காட்டினார். அக்கொட்டகையின் தரையிலமர்ந்திருந்தவர் திரையிற் கண்டது தம்மையே. ‘படகோட்டி’ (1964) மீனவனையும், ‘தொழிலாளி’ (1964) கூலியுழைப்பாளியையும், ‘விவசாயி’ (1967) உழவனையும், ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) வண்டியிழுப்பவனையும் நாயகராக்கின. நாள் முழுவதும் முதலாளிக்கும் மிராசுதாருக்கும் அடங்கிநின்ற உழைப்பாளி, மூன்று மணிநேரம் அவர்களை வென்று நின்றான். ஆனால் அவ்வெற்றி என்றுமே ஒற்றை மனிதனின் வெற்றியாகவே காட்டப்பட்டது. சங்கமும் வேலைநிறுத்தமும் செய்யவேண்டியதை நாயகனின் கரம் செய்து முடித்தது. கூட்டு விடுதலையின் கனவு ஓர் உடலில் முழுமையாகக் குவிக்கப்பட்டமையே இப்படங்களின் கருத்துநிலைச் சாரம் எனலாம்.

எனவே அவ்வுடல் சாகலாகாது. மக்கள் முன்னரே அறிந்த கதையைக் கொண்ட ‘மதுரை வீரன்’ (1956) போன்ற சில படங்கள் நீங்கலாக, எம்.ஜி.ஆர். திரையில் இறப்பதில்லை. நாயகன் இறக்கும் ‘பாசம்’ (1962) இரசிகரின் மனத்துக்கு உவப்பாக அமையவில்லை. வாழ்க்கையும் இவ்விதியை உறுதிசெய்வதுபோல் அமைந்தது. 1967 ஜனவரி 12இல் எம்.ஆர்.ராதா சுட்டபோது அவர் பிழைத்தார். கழுத்திற் கட்டுடன் அவர் காணப்பட்ட நிழற்படம் அவ்வாண்டுத் தேர்தலிற் சுவரொட்டியாயிற்று. 1984 ஒக்டோபரிற் கடுநோயுற்று, அமெரிக்காவில் புறூக்ளின் வைத்தியசாலையொன்றிற் சிகிச்சை பெற்றவாறே டிசெம்பர்த் தேர்தலில் ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். அந்நாள்களில் ‘ஒளிவிளக்கு’ (1968) படத்தில், உயிருக்குப் போராடும் நாயகனுக்காக இறைவனை வேண்டும் பாடல் தமிழகத் தியேட்டர்களில் ஒலிபரப்பப்பட்டது. கதையின் பிரார்த்தனை நிசப் பிரார்த்தனையாயிற்று. பகுத்தறிவு பேசிய இயக்கமொன்றின் வழிவந்தவருக்காகக் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மக்கள் மன்றாடினர்.

இருமுறை மரணத்தை வென்றவர் மூன்றாம்முறை வெல்லவில்லை. 1987இன் அதிர்ச்சி இங்குதான் பிறக்கின்றது. மெரினாச் சமாதிக்கு வருவோர் பளிங்கிற் காதை வைத்து, உள்ளே அவரது கைக்கடிகாரம் துடிப்பதைக் கேட்க முயல்வதை நகைப்புடன் விவரிப்போர் உளர். ஆனால் அச்செயலில் ஒரு தர்க்கமுண்டு. படம் முடிந்தபின்னும் தொடரவேண்டிய நாயகனைத் தேடும் செவி அது.

இத்துயரம் எடுத்துக்கொண்ட வடிவங்களும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. தலைமழித்தல் தந்தைக்கு மைந்தன் செய்யும் கடன். மாரடித்து அழுதல் நம் பெண்களின் இழவுவீட்டு மரபு. இரசிகர் தமக்கெனப் புதிய துக்கமுறையொன்றைப் படைக்கவில்லை; குடும்பத்தின் முறையையே எடுத்தாண்டனர். மேடைகளில் அவர் கூட்டத்தினரை இரத்த உறவாக விளித்ததும், படங்களில் அவர் தாய்க்கு மகனாகவும் தங்கைக்கு அண்ணனாகவும் நின்றதும் இதற்கு அடிகோலின. மேலும், தமிழகக் கிராமத்திற் சாவு சாதியால் வகுக்கப்பட்டது. சாதிக்கொரு சுடுகாடு, பறையடிப்பவர் இன்னார், பாடை தூக்குபவர் இன்னார் என்ற கட்டு. மலையாளப் பெற்றோருக்கு இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917இற் பிறந்த இம்மனிதர் அக்கிராமத்தின் எந்தச் சாதிக்கும் உரியவரல்லர். ஆகவே அவரது படத்தைச் சுமந்த பாடையை எவரும் தூக்கலாம், எவரும் மைந்தராகலாம் என்ற நிலை எழுந்தது எனக் கருத இடமுண்டு. சாதிக்கட்டு ஒரு நாளேனும் தளர்ந்த சாவு அது. அதனை வெறும் மூடநம்பிக்கை என்று கூறுதல் பொருந்தாது.

கண்ணீருக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் ஏழைத் தாய்மாரின் அன்றாடக் கவலையொன்றைக் குறைத்தது. அதே ஆட்சியில், 1980களின் தொடக்கத்தில், வடஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலைட்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதும் உண்மை. உணவளித்த கரத்தை ஏழைகள் கண்டனர். சுட்ட கரம் அதே உடலைச் சேர்ந்ததெனக் காணமுடியாதவாறு திரைப்படிமம் மறைத்தது.

அப்படிமம் மறைத்தது இதுமட்டுமன்று. ‘நாடோடி மன்னன்’ (1958) முதலான படங்களுக்குப் பாட்டெழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பொதுவுடைமையாளர். உழைப்பாளர் தம் வாழ்வின் குரலெனப் போற்றிய சொற்கள் பல அவருடையவை. அவர் 1959இல் 29 வயதில் மறைந்தார். எனினும் அப்பாடல்கள் இன்றும் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றே வழங்குகின்றன. பலரின் உழைப்பு ஒரு நட்சத்திரத்தின் பெயரில் மறைந்துபோதல் சினிமாக் கைத்தொழிலின் இயல்பு. இரசிகர் அழுத அழுகையில் தாம் பெயரறியாத ஒரு தோழனுக்கான பங்கும் இருந்தது.

துயரம் மக்களுடையதாயினும் அதன் அறுவடை அவர்களுடையதாகவில்லை. உடலைத் தாங்கிய பீரங்கி வண்டியில் ஏற முயன்ற ஜெயலலிதா கீழே தள்ளப்பட்டார். 1988 ஜனவரி 7இல் வி.என்.ஜானகி முதலமைச்சரானார், அம்மாதம் 30இல் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மறைந்தவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 1989 தேர்தலில் இரு அணிகளும் ஒரே சமாதியின் பெயரால் வாக்குக் கேட்டுத் தோற்றன. துக்க நாள்களிற் சென்னையிற் கடைகள் சூறையாடப்பட்டதும், அண்ணா சாலையிலிருந்த கருணாநிதி சிலை உடைக்கப்பட்டதும், திசையறியாத கோபம் எங்கெல்லாம் பாயும் என்பதைக் காட்டின.

உயிரை மாய்த்துக்கொண்டவர்களைத் தியாகிகளெனப் போற்றுவதும் அறிவிலிகளென எள்ளுவதும் ஒருங்கே தவறாகும். அவர்களது குடும்பங்களுக்கு அம்மரணங்கள் ஈடுசெய்யவியலாத இழப்புகள். தம் விடுதலையை இன்னொருவர் உடலில் வைத்து வாழ்ந்தவர்களுக்கு, அவ்வுடல் வீழ்ந்தபோது தாமே வீழ்ந்ததாகத் தோன்றிற்று. அவ்வாறு வைக்க வேறிடம் அவர்களுக்கு இருந்ததா என்பதே நாம் நம்மை நோக்கிக் கேட்கவேண்டிய வினா. தொழிற்சங்கமும் இலக்கியமும் முற்போக்கு அரங்கும் அம்மக்களின் மாலைப்பொழுதுகளை எட்டாதிருந்தபோது, கொட்டகை எட்டியது. இரசிகரின் கண்ணீரை இகழ்வதற்கு முன்னர் இவ்வுண்மையை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நமது பணி அங்கிருந்தே தொடங்குகின்றது.