குழலுக்குள் கெட்டிக்கும் மருந்து

பிசான நெல் பால் பிடிக்கும் நேரத்தில் களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம் பக்கத்து மலையடி வயல்களில் ராத்திரித் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றி இறங்கினால் விடிவதற்குள் ஏத்தன் வாழை வரிசை வரிசையாகச் சரிந்து கிடக்கும். புலிகள் காப்பகத்தின் விளிம்பில் வெள்ளாமை செய்கிறவர்கள் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் சில வீடுகளில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி மச்சிலிருந்து இறங்கும்.

துப்பாக்கியைவிட அதற்குள் போகும் மருந்துதான் எனக்குப் பயம். முன்வாய் வழியாகக் கெட்டிக்கும் குழல் கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. இன்றைய தோட்டாக்களில் இருப்பதோ புகையில்லா மருந்து. கார் டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். .30-06 ரைபிளின் அறைக்குள் அது 60,000 பவுண்டு வரை போகலாம். அந்த மருந்தைத் தோட்டாவிலிருந்து உதிர்த்து நாட்டுக் குழலில் போட்டால் குழல் வாழைப்பூ மாதிரி விரியும். பட்டாசு மருந்து இன்னும் மோசம். குண்டை உந்தித் தள்ளுவதற்கல்ல, வெடித்துச் சிதறுவதற்கென்றே அதைக் கலக்கிறார்கள். தண்ணீர்க் குழாயை அறுத்துக் குழலாக்கியிருந்தால் எந்த மருந்தும் ஆபத்துதான்.

வெளிநாடுகளில் அனுமதியோடு தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்கள், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து உற்றுப் பார்ப்பார்கள். அடியிலுள்ள கேப் தட்டையாகியிருக்கிறதா, கூடு அறையிலிருந்து வர மறுக்கிறதா, அடிப்பாகம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். இதெல்லாம் அழுத்தம் மீறியதன் அடையாளம். ஆனால் இவை கண்ணில் படும்போது எல்லை தாண்டியாகிவிட்டது என்பதை அனுபவசாலிகளே ஒப்புக்கொள்வார்கள். நாட்டுத் துப்பாக்கியில் பார்ப்பதற்குக் கூடே கிடையாது. நேற்று வரை சுட்ட குழல் இன்று வெடிக்கும். அதற்கு முன்னால் ஒரு சைகையும் வராது. பெரும்பாலும் போவது, குழலைத் தாங்கியிருந்த கையும் அதன்மேல் குனிந்திருந்த கண்ணும்தான். மருந்து பிடிக்காமல் போனால் குழலுக்குள் எட்டிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ஈர மருந்து தாமதித்தும் பற்றும். விபத்து நடந்துவிட்டால் வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே மஞ்சளைப் பூசி வைக்காமல் 108ஐ அழையுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த கையோடு, 1801இல் கும்பினியார் தென்சீமைக்காரர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தார்கள். இன்றைக்குள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அவ்வளவு கறார் இல்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வாய்த் துப்பாக்கி கேட்டால் உரிமம் தர அதன் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. படிவம் ஏ-1இல் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைப் பொதுவாக எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம். வாய்மொழியாக ‘இல்லை’ என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

உரிமம் இல்லாத துப்பாக்கியோ தோட்டாவோ கையில் இருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. அனுமதியின்றித் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். சட்டத்தின் பார்வையில் தோட்டா செய்யும் கருவியும் அதன் பாகங்களும்கூட ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் அடங்கும். இது பலருக்குத் தெரியாது.

உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிடவும் முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே குறுக்கே நிற்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டும் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத்தான் பன்றி அதிகம், அவருக்குத்தான் இந்த ஏற்பாடு கைகொடுக்காது என்ற ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்கு மிஞ்சுவது இழப்பீடும் மானியத்தில் சூரிய மின்வேலியும். இழப்பீட்டுக்குச் சேதத்தை உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்க வேண்டும்.

உரிமக்காரர் இறந்துபோய்த் துப்பாக்கி மட்டும் மச்சில் கிடக்கும் வீடுகளும் உண்டு. அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். உரிமமே இல்லாத பழைய துப்பாக்கி என்றால் முதலில் 15100க்குப் பேசுங்கள். தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார். பக்கத்தில் மருந்து டப்பா இருந்தால் அதைத் திறக்காமல், அடுப்பில் கொட்டாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீஸாரிடம் சொல்லுங்கள்.