தென்கடலுக்கு மேல் எரிந்த பெயர் தெரியாத பொருள்

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குச் சற்று முன்னர், முற்பகல் 11.48 மணியளவில், நமது தென் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவில் கடலுக்கு மேலே விண்வெளிப் பொருளொன்று எரிந்து போனது.

அதற்கு முந்திய நாட்களில் பேஸ்புக்கில் ஏராளமான வதந்திகள். "சேர், கியாமத் நெருங்கிட்டா?" என்று என் வகுப்பு மாணவியொருத்தி கேட்டாள். "பயப்பட ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னேன். அது ஆறுதலே தவிர, பதில் அல்ல. பதிலை நான் பிறகுதான் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கற்களைத் தேடும் கட்டலினா வான் ஆய்வுத் திட்டம், அவ்வருடம் ஒக்டோபர் 3ஆம் திகதி அதனைக் கண்டது. டபிள்யூ.டி.1190.எப் என்று பெயரிட்டார்கள். பழைய பதிவுகளைப் புரட்டியபோது 2013இலும் அதே பொருள் தென்பட்டிருந்தது. ஒன்றிரண்டு மீற்றர் அளவுதான். சந்திரனையும் தாண்டிச் சென்று, சுமார் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வந்தது.

அது கல்லா, மனிதன் செய்ததா? இங்குதான் சுவாரஸ்யம். சூரிய ஒளிக்கும் மிகச் சிறிய தள்ளுவிசை உண்டு. பாரமான கல்லை அது பெரிதாக அசைக்காது. ஆனால் வெற்றுத் தகரப்பேணி போன்ற இலேசான பொருளின் பாதையைச் சிறிது சிறிதாக மாற்றிவிடும். இதன் பாதை அவ்வாறு மாறியிருந்தது. எனவே உள்ளே வெறுமையான, மனிதன் செய்த பொருளென முடிவு செய்தார்கள். விழும் இடத்தையும் நேரத்தையும் பல வாரங்களுக்கு முன்பே கணித்தார்கள்.

அபுதாபியிலுள்ள சர்வதேச வானியல் மையமும் ஐக்கிய அரபு இராச்சிய விண்வெளி நிறுவனமும் ஏற்பாடு செய்த விமானத்தில் விஞ்ஞானிகள் பறந்து, அது எரிவதைப் படம்பிடித்தார்கள். 1998இல் சந்திரனுக்குச் சென்ற லூனார் ப்ரொஸ்பெக்டர் விண்கலத்தை உந்திவிட்ட பகுதியாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது பின்னைய ஆய்வின் முடிவு.

பூமிக்கு அருகில் சுற்றும் சுமார் 10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட குப்பைகளை ராடார்கள் தொடர்ந்து கண்காணிக்கின்றன. இவ்வளவு தூரத்தில் சுற்றுபவையோ பெரும்பாலும் விண்கல் தேடுவோரின் கண்ணில் தற்செயலாகப் படுபவைதான். அனுப்பியவர்கள் மறந்துவிட்ட ஒன்று, பல வருடங்களின் பின் நமது மீனவர்கள் தொழில் செய்யும் கடலின் பக்கம் வந்து விழுந்தது.

கிடைத்த செய்தியை உறுதிப்படுத்திய பின்னரே பரப்ப வேண்டுமென்பது நமது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். அந்த மாணவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: வா மகள், முதலில் அது என்னவென்று பார்ப்போம்.